டத்தோவின் புன்னகைக்கு ஒதுக்கிய இடம்

தேசிய உடனடி வாரியத்தின் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களுக்காக மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பத்திரிகைகளும் ஒரு மீன்தொட்டியும் இருந்தன. லிஃப்ட் எப்போது வரும் என்று காவலாளியைக் கேட்டதற்கு, "உக்காருங்க தம்பி, வரும்" என்றார். தன் பதவி ஓய்வுக்குள் அது வந்துவிடும் என்கிற நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது.

ஹெல்மி உட்காரவில்லை. ரொக்கியா அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கையை மார்போடு அணைத்து, கட்டு வெளியே தெரியாதபடி முக்காட்டு முனையால் மூடியிருந்தாள். கோலா பெர்லிஸிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. ஆனாலும் அவள் மீன்தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி.

கோலா பெர்லிஸில் ஒரு டின் மீன் தொழிற்சாலை. அங்கே சார்டின் மீனின் தலையை வெட்டும் இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றின் மூளையாக இருக்கும் நிரலை எழுதியவன் ஹெல்மி. கத்திக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை இருக்கும். மீனைத் தாண்டி ஒரு கை அதற்குள் நுழைந்தால் கத்தி அந்தக் கணமே நிற்க வேண்டும். அன்றைக்குக் கத்தி நின்றது. அந்தக் கணத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் பொறுத்து நின்றது. அந்தக் கொஞ்சத்துக்குள் ஒரு தும்மல்கூடப் போட முடியாது. ஆனால் ரொக்கியா அக்காவின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போக அது போதுமாயிருந்தது.

இப்போது அதே இயந்திரத்தில் அவளுடைய தங்கை மஸ்னா நிற்கிறாள். தொழிற்சாலை முதலாளி தவுக்கேக்கு ஆர்டர் இருக்கிறது, வேறு ஆள் இல்லை. ஹெல்மிக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். மஸ்னாவிடம் பத்து விரலும் இன்னும் இருந்தன.

நாட்டில் எந்த இயந்திரமும் "ஆபத்தென்றால் உடனே நிற்பேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் உடனடி வாரியம் சான்றிதழ் தர வேண்டும். அந்த முத்திரை இல்லாவிட்டால் டின் மீன் கப்பல் ஏறாது. எந்த வேலையையும் உடனே செய்யும் பழக்கம் அந்த வாரியத்துக்கு மட்டும் கிடையாது.

விபத்து விசாரணை அறையில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேசையில் குவே பலகாரங்கள் பச்சையும் சிவப்புமாக அடுக்கியிருந்தன. வாரியத்தின் சம்பிரதாய அதிகாரி புவான் நொர்ஹயாத்தி வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவர் டத்தோ வந்துட்டாரா, புவான்?" என்றான் ஹெல்மி.

"வந்துட்டே இருக்காரு."

"எங்க வந்துட்டிருக்காரு?"

"வந்துட்டே இருக்காருன்னா எங்கன்னு கேக்கக் கூடாது தம்பி. மரியாதை இல்ல."

டத்தோ வரும் முன்னால் பலகாரத்தைத் தொடக் கூடாது என்பது வழக்கம். ஈக்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவை முதலில் சாப்பிட்டன. கடைசியில் வாரியத் தலைவர் டத்தோ ஜைலானி வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். புவான் நொர்ஹயாத்தி பட்டம், பதவி, பட்டத்தின் பட்டம் என்று ஒவ்வொருவரையும் வரிசையாக விளித்து வணங்கினாள். வரிசை முடியும்போது முதலில் வணங்கப்பட்டவர் கண்ணயர்ந்துவிட்டார். கடைசியாக அவள் ரொக்கியா அக்காவைப் பார்த்து, "மற்றும் விரல் சம்பந்தப்பட்ட அம்மையார் அவர்களே" என்றாள். அக்காவும் பதிலுக்கு வணங்கினாள், பாவம்.

தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் டாக்டர் ஓங் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். புல்தரை மாதிரி பச்சையாக இருந்தது.

"லட்சக்கணக்கான தடவ இந்தக் கத்திய நிறுத்திப் பாத்தோம். சராசரி பிரமாதம்! இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு சராசரி கிடையாது."

"டாக்டர், சராசரி அக்கா விரல வெட்டலயே. ஒரு தடவ லேட்டா நின்னுச்சு, அதுதான் வெட்டுச்சு" என்றான் ஹெல்மி.

"அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு வந்துச்சு. அதையெல்லாம் நாங்க சேக்கல."

"ஏன்?"

"சேத்தா சராசரி கெட்டுப் போயிடும்ல!"

கை தட்டினார்கள். டத்தோவும் தட்டினார். பிறகு முடிவுரை வழங்கினார். "ஆக, இயந்திரம் நேரத்துக்கு நின்னுருக்கு. இது விஞ்ஞானம். கைதான் கொஞ்சம் முந்திப் போயிருக்கு."

"என் கையா, டத்தோ?" என்றாள் ரொக்கியா அக்கா.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நான் உங்கள மட்டும் சொல்லல. நம்ம சமுதாயமே அவசரப்படுது. நான் அவசரப்பட்டு எங்கயாவது போய்ப் பாத்திருக்கீங்களா? அதான் எனக்கு ஒண்ணும் ஆகல."

ஹெல்மிக்கு வாயில் வந்ததை அச்சில் போட முடியாது. அதை விழுங்கிக்கொண்டு, இயந்திரத்தின் உள்ளே நானே சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டான்.

"தாராளமா பாருங்க. வாரியத்துக்கு ஒளிச்சு வெக்க ஒண்ணும் இல்ல" என்றார் டத்தோ. "என் வீடியோவ மட்டும் தொட்டுடாதீங்க."

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் பெற்ற ஒவ்வோர் இயந்திரத்தின் திரையிலும் மணிக்கொரு முறை தலைவரின் பாதுகாப்புச் செய்தி ஓட வேண்டும் என்பது வாரியத்தின் கட்டளை. பின்னால் அருவி கொட்டும். முன்னால் சரிகை உடுத்த டத்தோ நிற்பார். நெஞ்சில் கை வைத்து, "உங்கள் விரல், என் விரல்" என்பார். பிறகு புன்னகைப்பார். அந்தப் புன்னகையில் பல் பல்லாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மீன் வெட்டுகிற இயந்திரத்துக்கு இருப்பதே சின்ன மெமரி. அதில் அருவியும் சரிகையும் பல்லும் ஏறி உட்கார வேண்டும்.

கோலா பெர்லிஸ் திரும்பியதும் ஹெல்மி சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தோடு மடிக்கணினியை இணைத்து உட்கார்ந்தான். விரலுக்குப் பதிலாக வேகவைத்த லெக்கோர் ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொண்டான். மீன்மாவில் உருட்டியது, விரல் தடிமன் இருக்கும். மஸ்னா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ரொக்கியா அக்கா ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

லெக்கோரை நீட்டினான். கத்தி நின்றது. மறுபடி நீட்டினான், மறுபடி நின்றது.

"நல்லாத்தானே நிக்குது, அண்ணே. சாப்பாட்டத்தான் வீணாக்குற" என்றாள் மஸ்னா.

அப்போது திரையில் அருவி கொட்டத் தொடங்கியது. டத்தோ நெஞ்சில் கை வைத்தார். "உங்கள் விரல்" என்று அவர் சொல்லும்போது ஹெல்மி லெக்கோரை நீட்டினான். "என் விரல்" என்று முடிக்கும்போது அதன் நுனி தரையில் கிடந்தது.

ஹெல்மி வீடியோவைத் திரும்ப ஓட விட்டான். அருவி, சரிகை, புன்னகை, நறுக். இன்னொரு முறை. நறுக். தட்டில் லெக்கோர் தீரும் வரைக்கும் அதே கதைதான்.

மடிக்கணினி காட்டியது தெளிவாக இருந்தது. ஒளித்திரை சரியான நேரத்தில் எச்சரித்துவிட்டது. ஆனால் அந்தக் கணத்தில் கத்தியை நிறுத்தும் நிரல் மெமரியில் இல்லை. உள்ளே ஓடும் லினக்ஸ் என்கிற இயங்குதளம் அதை வெளியே தள்ளிவிட்டு, இப்போது மெமரி கார்டிலிருந்து தேடி எடுத்து வந்துகொண்டிருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் மஸ்னா.

"நீ மீன் வெட்டுற மேசைல ஒரு பெரிய மனுசன் வந்து ஏறி உக்காந்துட்டா என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது? அப்ப கைக்கு வேண்டாத சாமானையெல்லாம் எடுத்துக் கீழ வெப்பேன்."

"இதுவும் அதத்தான் பண்ணுது. நிறுத்துற வேலை எப்பவாச்சும்தான் வரும். அதனால சும்மா கிடக்குன்னு நெனச்சு வெளிய வெச்சுடுது. அப்புறம் கை உள்ள வந்ததும் ஓடிப் போய் எடுத்துட்டு வருது."

"அப்ப எங்க அக்கா விரல அந்த ஆளோட சிரிப்பா தின்னுச்சு?"

ஹெல்மிக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதலில் அவன் எழுதிய நிரலில் ஒரு வரி இருந்தது. 'நிறுத்தும் நிரலை யாரும் தொடாதே, எது வந்தாலும் அது மெமரியிலேயே இருக்கட்டும்' என்று பூட்டுப் போடும் வரி. சான்றிதழுக்குப் பார்க்க வந்த அன்று வீடியோ திக்கியது. டத்தோவின் வாய் முதலில் அசைந்து, குரல் பின்னால் வந்தது. டாக்டர் ஓங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "டத்தோவ திக்குவாயனா காட்டுற மெஷினுக்கு நான் கையெழுத்துப் போடறதா? அந்தப் பூட்ட எடுங்க லா! மெமரிய லினக்ஸ் பாத்துக்கும்." ஹெல்மி மன்றாடிப் பார்த்தான். இயந்திரக் கம்பெனியில் அவனுடைய முதலாளியே அவன் தோளைத் தட்டி எடுக்கச் சொல்லிவிட்டார். பூட்டு போனது. புன்னகை சீராக ஓடியது. அதன் பிறகுதான் வாரியம் தன் புகழ்பெற்ற சராசரியை அளந்தது. அதுவும் வீடியோ ஓடாத நேரத்தில் மட்டும்தான்; தப்பித் தவறி வீடியோ குறுக்கிட்டதுதான் அவர்கள் சேர்க்காத அந்த ஒன்றிரண்டு. டத்தோ பேசும்போது குறுக்கே இயந்திரத்தைச் சோதிப்பது மரியாதை இல்லையாம்.

ஹெல்மி அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் லிஃப்டுக்குக் காத்திருந்தான். புவான் நொர்ஹயாத்தி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"'டத்தோவின் புன்னகை மெமரியை அடைக்கிறது.' இப்படியா எழுதுவாங்க? உங்க வீட்டுல பெரியவங்க இல்லயா?"

"உண்மை அதுதான், புவான்."

"உண்மைய யாரு வேணாம்னா? அழகா சொல்லுங்க. 'தலைவரின் புன்னகையின் செழுமையைத் தாங்கும் அளவுக்கு மெமரி இன்னும் வளர்ச்சி பெறவில்லை.' பாருங்க, இப்ப யாருக்கும் வருத்தம் இல்ல."

அறிக்கை அப்படியே மாறியது. வளர்ச்சி பெறாத மெமரியை ஆராய ஒரு குழு அமைந்தது. வளர்ச்சி பெற்ற மெமரி எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்து வர அந்தக் குழு குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனது. திரும்பி வந்து, அங்கே மெமரி நன்றாக இருக்கிறது, குளிர்தான் அதிகம் என்று தெரிவித்தது.

டாக்டர் ஓங்கை ஒருநாள் கழிவறை வாசலில் பிடித்தான் ஹெல்மி. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா? வீடியோதான் லா. மொத நாளே தெரியும்."

"தெரியுமா!"

"கத்தாதீங்க. எனக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல வந்துடுச்சு. டத்தோ பட்டத்துக்கு என் பேரும் போயிருக்கு."

ஹெல்மிக்கு அவரைத் தொட்டுப் பேசவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மஸ்னாவை நினைத்துக்கொண்டு கெஞ்சினான். "அந்தப் பூட்ட மட்டும் திரும்பப் போட அனுமதி குடுங்க. ஒரே ஒரு வரி."

"ஒரு வரி மாறுனாலும் அது புது மெஷின். புது விண்ணப்பம் போடணும். மறுபடி சான்றிதழ் வர்ற வரைக்கும் அத ஓட்டக் கூடாது."

"அது வரைக்கும்?"

"பழசு ஓடலாம். அதுக்குத்தான் சான்றிதழ் இருக்கே."

"அப்ப விரல வெட்டுற மெஷினுக்குச் சான்றிதழ் இருக்கு. வெட்டாததுக்கு இல்ல."

"கரெக்ட்டா புரிஞ்சுகிட்டீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓங் கை கழுவப் போனார். நன்றாகத் தேய்த்துத்தான் கழுவினார்.

வாரியம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. போர்ட் டிக்சன் கடற்கரை ஹோட்டலில் தொழிலாளிப் பெண்களுக்கு 'நிதானக் கை' பயிற்சி நடந்தது. மெதுவாகக் கை தட்டுவது, மெதுவாகக் கை அசைப்பது, மெதுவாக நாசி லெமாக் சாப்பிடுவது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். மஸ்னா ஒரு மஞ்சள் சட்டையோடு திரும்பி வந்தாள். அடுத்து வீடியோவையும் மேம்படுத்தினார்கள். ரொக்கியா அக்காவுக்கு டத்தோ ஆறுதல் சொல்லும் பகுதி சேர்ந்தது. அருவிக்கு மேலே ஒரு வானவில்லும் சேர்ந்தது. முன்பு பல் மட்டும் தெரிந்தது, இப்போது ஈறும் தெரிந்தது. ஹெல்மி லெக்கோர் வைத்துச் சோதித்தான். முன்பு நுனிதான் போயிற்று. இப்போது பாதி போனது.

மேம்பட்ட இயந்திரங்களுக்குச் சான்றிதழைப் புதுப்பித்துத் தர டத்தோவே கோலா பெர்லிஸ் வருகிறார் என்று செய்தி வந்தது. வீடியோ மாறியதற்கு மட்டும் புது விண்ணப்பம் தேவைப்படவில்லை.

தொழிற்சாலை வாசலில் கொம்பாங் மேளக்காரர்கள் நின்றார்கள். மினுமினுப்புக் காகிதப் பூங்கொம்புகள் ஆடின. மீன்நாற்றம் போக தவுக்கே பன்னீர் அடித்திருந்தார். இப்போது பன்னீர் போட்ட மீன்நாற்றம் அடித்தது. பெண்கள் கையுறை மாட்டி இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். டத்தோ வந்துகொண்டே இருந்தார். மீன் கெட்டுக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக வந்து சேர்ந்து, விளிப்பெல்லாம் முடிந்து, டத்தோ மேடையில் பேசினார். "சில பேரு சொன்னாங்க, டத்தோ, வீடியோவ எடுத்துடலாம்னு. நான் கேட்டேன், வீடியோ இல்லன்னா, தலைவருக்கு அக்கறை இருக்குன்னு தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? அக்கறை இருந்தா மட்டும் போதாது. அது தெரியணும். பெரிசா தெரியணும்!"

பிறகு ரொக்கியா அக்காவைப் பாதுகாப்புத் தூதுவராக அறிவித்து ஒரு பரிசுக் கூடை கொடுத்தார்கள். அதில் பிஸ்கட்டும் காப்பித்தூளும் ஒரு ஜோடி கையுறையும் இருந்தன. படம் பிடிப்பவர், கட்டைவிரலை உயர்த்தச் சொன்னார். அக்கா வலது கையை உயர்த்தினாள். "அந்தக் கை வேணாம் அக்கா, படத்துக்கு நல்லாருக்காது. இந்தக் கை, இந்தக் கை" என்றாள் புவான் நொர்ஹயாத்தி. தூ!

"ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க" என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அக்கா அதை இடது கையில் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தின் திரையில் அருவி கொட்டத் தொடங்கியது.

"நன்றி டத்தோ. உங்கள் விரல் என் விரல்னு நீங்க மணிக்கொரு தடவ சொல்றீங்க. எனக்கு ரெண்டு போயிடுச்சு. அதத் திருப்பிக் கேக்கல. இந்த மெஷின்ல இப்ப என் தங்கச்சி நிக்கறா. கத்தி ஓடுது, நீங்களும் திரையில பேசறீங்க. ஒரே ஒரு தடவ உங்க கைய உள்ள வெச்சு, நிக்குதுன்னு எங்களுக்குக் காட்டிடுங்க. அது போதும்."

மேளம் நின்றுவிட்டது.

"என் கையா?" என்றார் டத்தோ.

திரையில் இருந்த டத்தோ நெஞ்சில் கை வைத்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற டத்தோவின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. "இல்ல அக்கா... தலைவர் கைய வெக்கறது முறை இல்ல. டெக்னிக்கல் ஆளுங்கன்னு எதுக்கு இருக்காங்க? டாக்டர் ஓங்!"

டாக்டர் ஓங்கின் இரண்டு கைகளும் எப்போதோ கால்சட்டைப் பைக்குள் போயிருந்தன. புவான் நொர்ஹயாத்தி கைகளைச் சான்றிதழ்த் தட்டின் பட்டுத் துணிக்குள் நுழைத்துக்கொண்டாள். குழுவில் சுவிட்சர்லாந்து போனவர்கள் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். கோலா பெர்லிஸில் குளிர் இல்லை. மேடையில் ஒரு கைகூட வெளியே தெரியவில்லை. தவுக்கேயின் கையைத் தேடினால் அதுவும் இல்லை.

மஸ்னா மேடையை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிப் பரிசுக் கூடையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். யாரும் கத்தவில்லை. "அண்ணே, இத எங்க நிறுத்துறது?" என்று மட்டும் மஸ்னா கேட்டாள். ஹெல்மி போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அன்றைக்குத்தான் அந்த இயந்திரம் உடனே நின்றது. அருவியும் சரிகையும் ஈறும் ஒன்றாக அணைந்தன.

"யாரக் கேட்டு நிறுத்துன?" என்று தவுக்கே பாய்ந்தார். பெண்கள் அதற்குள் பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியைக் கழுவி, பழைய கத்திகளைத் தீட்டி, மீனைக் கையால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கூடை கூடையாக மீன் கெட்டுக்கொண்டிருந்தது. தவுக்கே வேறென்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு தண்ணீர் திறந்துவிட்டார். ஹெல்மிக்கு வேலை போனது. பூட்டுப் போட்ட நிரலுக்கு அவன் தன் பெயரிலேயே புது விண்ணப்பம் போட்டிருக்கிறான். சான்றிதழ் வந்துகொண்டே இருக்கிறது.

இயந்திரங்கள் தார்ப்பாயின் கீழ் தூங்கின. விரல் எதுவும் போகவில்லை. கொஞ்ச காலம் கழித்து ஹெல்மிக்குப் பொன்னெழுத்தில் ஓர் அழைப்பு வந்தது. மேம்பட்ட வீடியோ பொருத்திய பிறகு கோலா பெர்லிஸில் விபத்தே இல்லையாம். அதற்காக வாரியத்தின் ஆண்டு விழாவில் அந்த இயந்திரத்துக்குச் சிறந்த உடனடி விருது. இயந்திரம் சார்பில் டத்தோவே பெற்றுக்கொள்வார். வழங்குபவரும் டத்தோதான்.

ஹெல்மி அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்கரைக்குப் போய்ப் படித்துக் காட்டினான். ரொக்கியா அக்கா இடது கையால் மீன் வெட்டப் பழகியிருந்தாள். மஸ்னா அளவுக்கு வேகம் இல்லை. குடலை உருவி வாளியில் எறிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"குடுக்கட்டும், குடுக்கட்டும். நல்லா ரெண்டு கையையும் நீட்டி வாங்கட்டும்" என்றாள். "அவருகிட்டதான் பத்தும் இருக்கே."